போரிகோன் செய்த குற்றம் யாது?

சிறுவர்க்கென அமைந்த சித்திரப் படமொன்றைக் கலாசாலைப் பத்திரிகையில் ஆராயப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைவிக்கக் கூடும். சங்க நூல்களும் சமய உண்மைகளும் இடம்பெற வேண்டிய தமிழ்ப் பகுதியிலே, விளையாட்டுப் பெட்டியிற் பிறந்த பிராணிகளுக்கு என்ன வேலை என்று அவர் வினவலாம். ஆயினும் நம் மாணவரிற் பலரும், பழைய மாணவரிற் சிலரும், தம் இளமையில் 'போக்கிமான்' என்னும் கதைத் தொடரைக் கண்டு வளர்ந்தவரே என்பதை நாம் அறிவோம். அத்தொடரிலே ஒரே ஒரு முறை காட்டப்பட்டு, அதன்பின் என்றும் காட்டப்படாமற் பூட்டி வைக்கப்பட்ட பாகமொன்று உண்டு. அதைக் குறித்து வழங்கும் பேச்சு மிகுதி. அதில் மெய் சிறிது. அப்பாகத்தின் மேலும் அதன் கதாநாயகன் மேலும் விழுந்த தீர்ப்பு நியாயமானதன்று என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

'போக்கிமான்' முதலிற் கதையன்று, விளையாட்டு. 1996-ஆம் வருஷம் பெப்ருவரி மாதத்தில் நின்டெண்டோ கம்பெனியார் தங்கள் 'கேம் பாய்' என்னும் கைப்பெட்டிக்கென ஜப்பான் தேசத்தில் அதனை வெளியிட்டனர். அவ்விளையாட்டிற்குக் கிட்டிய பேராதரவைக் கண்டு, 1997-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்து அதனைச் சித்திரத் தொடராக்கி வாரந்தோறும் டெலிவிஷனிற் காட்டலாயினர். சாதோஷி என்னும் சிறுவன் (பிற தேசத்தார் அவனை ஆஷ் என்பர்), அவனுக்கு உற்ற துணையாகிய பிகாச்சு என்னும் மஞ்சள் நிறப் பிராணி, உடன் செல்லும் தோழர் இருவர், இவர்களை ஓயாது தொடர்ந்து ஓயாது தோற்கும் ராக்கெட் கூட்டத்தார் ஆகிய இவர்களே கதைக்குரிய மாந்தர்.

அவ்விளையாட்டிலுள்ள 150-க்கு மேற்பட்ட பிராணிகளுள் போரிகோன் என்பது ஒன்று. ஏனையவற்றிற் பெரும்பாலானவை காட்டிலும் கடலிலும் திரிவன. இதுவோ கம்ப்யூட்டர்க் கணிதத்தினால் மனிதரால் ஆக்கப்பட்டது. பல்கோணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. உருவமும், தட்டையான பட்டைகளை ஒட்டவைத்துச் செய்த வாத்துப் பொம்மை போன்றது. அழகென்று சொல்வதற்கில்லை, ஆயினும் ஒரு சாதுத்தன்மை அதனிடம் உண்டு.

தொடரின் 38-ஆம் பாகமே நாம் குறிப்பிட்டது. அதன் ஜப்பானியத் தலைப்பைத் தமிழில் 'மின்மூளை வீரன் போரிகோன்' எனலாம். 1997-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ந் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை 6-30 மணிக்கு டிவி டோக்கியோவும் அதனோடிணைந்த நிலையங்களும் அதனை ஒளிபரப்பின. கதை இது: பிராணிகளைப் பந்துகளில் அடக்கி ஊர்விட்டு ஊர் அனுப்பும் யந்திரம் ஒன்று பழுதுபடுகின்றது. அதனை ஆக்கிய அறிஞர், சாதோஷியையும் தோழரையும் போரிகோன் துணையோடு யந்திரத்தின் உள்ளேயே அனுப்புகின்றார். உள்ளே ராக்கெட் கூட்டத்தார், திருடிக்கொணர்ந்த வேறொரு போரிகோனைக் கொண்டு வழியை அடைத்துப் பந்துகளைக் கவர்கின்றனர். போர் நடக்கின்றது, நம் போரிகோனே வெல்கின்றது. இதற்கிடையில் வெளியே நிற்கும் தாதி, கோளாறுக்குக் காரணம் கம்ப்யூட்டரைப் பற்றும் 'வைரஸ்' என்று எண்ணி, அதற்கு மாற்றான தடுப்பு மருந்தை உட்செலுத்த ஏற்பாடு செய்கின்றாள். அம்மருந்து உள்ளே இருப்பவர் கண்ணுக்கு ஏவுகணைகளாகத் தோன்றிப் பாய்ந்து வருகின்றது. தோழரைக் காக்கும் பொருட்டுப் பிகாச்சு தன் மின்னலை அவற்றின் மேல் எறிகின்றது. கணைகள் வெடிக்கின்றன. இதைக் காட்டவே திரை முழுதும் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டன. விநாடிக்கு 12 தரம். ஏறத்தாழ 6 விநாடி.

அவ்வளவே. கதை தொடங்கி 20 நிமிஷம் ஆனபோது அது நிகழ்ந்தது. இரவு உணவுக்கு முன், நாடெங்கும் இலட்சக்கணக்கான இல்லங்களில் சிறுவர் சிறுமியர் திரைக்கு எதிரில் அமர்ந்திருந்த வேளை. சிலர் தலைசுற்றி விழுந்தனர், சிலர் வாந்தியெடுத்தனர், சிலருக்குக் கண் இருண்டது, சிலருக்கு வலிப்புக் கண்டு நினைவு தப்பியது. 685 பேர் ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடவுளருளால் உயிர்ச்சேதம் ஒன்றும் நேரவில்லை. பெரும்பாலோர் அன்றிரவே தெளிந்தனர். சிலருக்கு மாத்திரம் சின்னாட்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்க நேர்ந்தது.

அன்றிரவு நடந்த மற்றொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். நடந்ததைச் செய்தியாகச் சொல்லப் புகுந்தவர், அந்தப் பளிச்சிடும் காட்சியையே எடுத்துத் திரும்பவும் ஒளிபரப்பினர்! அதைக் கண்டு புதிதாக நோயுற்றாரும் உளர். நஞ்சு இன்னதென்று காட்டுவதற்கு அதனையே கிண்ணத்திலிட்டு வீடுதோறும் வழங்கினாற்போல ஆயிற்று. இவர்களைக் குறித்து எவரும் பின்னர்ப் பெரிதாகக் குறை கூறியதாகத் தோன்றவில்லை.

தொடர் உடனே நிறுத்தப்பட்டது. நான்கு மாதங்கழித்து, 1998-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி திரும்பத் தொடங்கிற்று. இடையிலே நின்டெண்டோ கம்பெனித் தலைவர் யாமௌச்சி, தம் விளையாட்டு கறுப்பு வெள்ளையில் அமைந்ததாகலின் தம் கம்பெனிக்கு இதிற் பொறுப்பில்லை என்று கூறினார். அவர் கூறியது உண்மையே. ஆனால், கேட்போர் மனத்தை ஆற்றும் உண்மையன்று. அதே ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய ஒளிபரப்பாளர் ஒன்றுகூடி விதிகளை வகுத்தனர். பளிச்சிடும் ஒளி விநாடிக்கு மூன்று முறைக்கு மேற்படலாகாது, செந்நிறப் பளிச்சீட்டில் தனி எச்சரிக்கை வேண்டும், திரையை நிறைக்கும் வரிக்கோலங்களைத் தவிர்க்க வேண்டும் என்பன அவற்றுட் சில. அறையில் விளக்கேற்றி, திரைக்கு எட்ட அமர்ந்து காணும்படி சிறுவரை வேண்டும் வாசகம் படத்தின் தொடக்கத்தில் இடம்பெறலாயிற்று. இவையெல்லாம் மிக நல்ல காரியங்கள். நாம் குறை கூறுவது இவற்றையன்று.

போரிகோன் என்னாயிற்று? அப்பாகம் எத்தேசத்திலும் மறுபடி காட்டப்படவில்லை. அதனோடு போரிகோனும் கதையிலிருந்து மறைந்தது. பிற்காலத்து விளையாட்டுக்களில் அதனினின்று உருமாறித் தோன்றிய இரு பிராணிகளுக்கும் அதே கதி. எங்கேனும் கூட்டத்தின் நடுவே ஒரு கணம் தலைகாட்டியதற்கு மேல், கால் நூற்றாண்டு கடந்தும் அவற்றுள் ஒன்றற்கேனும் தொடரிற் கதைப்பங்கு கிட்டிற்றில்லை. பாட்டன் மேற் சுமத்திய குற்றத்துக்குப் பேரனும் சிறையிருக்கின்றான்.

கதையை மறுபடி நோக்குக. பளிச்சீட்டை விளைத்தது யார்? பிகாச்சுவின் மின்னல். கணைகளை ஏவுவித்தது யார்? வெளியே நின்ற தாதி. போரிகோன் அவ்வேளையில் யாதொன்றும் செய்யவில்லை. அது தன்னுடன் வந்தவரைச் சுமந்து காக்க முயன்றதே அன்றி வேறில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதனினும் தக்க உதாரணம் கிடைப்பதரிது. பிகாச்சுவின் மஞ்சள் முகம் அதற்குள் பொம்மைக் கடைதோறும் புத்தகப் பைதோறும் ஏறி, பணம் கொழிக்கும் முகமாகிவிட்டது. அதன்மேற் பழியைச் சாற்ற எவர்க்கும் மனம் வரவில்லை. போரிகோனுக்கோ பரிந்து பேசுவாரில்லை. லேவியராகமத்தில், ஜனங்களின் பாவத்தையெல்லாம் தலைமேற் சுமத்தி வனாந்தரத்திற்கு ஓட்டிவிடப்படும் போக்காட்டைப் பற்றி வாசித்திருக்கின்றோம். பாவம் செய்தது ஆடு அன்று என்பது அங்கே எல்லாரும் அறிந்தது. இங்கே அந்தத் தெளிவுங்கூட இல்லை. போரிகோன்தான் குழந்தைகளை நோய்ப்படுத்திற்று என்றே இன்றும் பலர் நம்பியிருக்கின்றனர். 2020-ஆம் வருஷத்தில் 'போக்கிமான்' கம்பெனியாரின் 'ட்விட்டர்'ப் பக்கத்திலேயே, போரிகோன் தவறொன்றும் செய்யவில்லை என்ற கருத்தில் ஒரு வரி வெளியாகி, சிறிது நேரத்திற்குள் நீக்கப்பட்டது. தாமே சொல்லித் தாமே அழித்துவிட்ட அவ்வரியை என்னென்பது!

ஒரு பொம்மைப் பிராணிக்காக நியாயம் பேசுவது வீண் என்பீர்களாயின், அதனை விட்டு மெய்யான காரணத்திற்கு வருவோம். ஒளியை விரைந்து விட்டு விட்டுக் காட்டினால், சிலரது மூளையிற் பார்வைக்குரிய பகுதி அதனோடு ஒத்து அதிர்ந்து வலிப்பாக மாறும். இஃது 1997-இற் கண்டறிந்த புதுமையன்று. கிரே வால்ட்டர் என்னும் ஆங்கில நாட்டு அறிஞரும் அவருடன் உழைத்தாரும் விட்டு விட்டு ஒளிரும் விளக்கைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1946-ஆம் வருஷத்திலேயே வெளியிட்டிருந்தனர். இவ்வியல்புடையோர் ஏறக்குறைய நாலாயிரவரில் ஒருவர் என்றும், பத்து வயதை அடுத்த பிள்ளைகளிடத்தும் இளைஞரிடத்துமே இது மிகுதி என்றும், செந்நிறம் பிற நிறங்களினும் கொடிது என்றும் வைத்தியர் அறிவர். 1993-ஆம் வருஷம் இங்கிலாந்தில் உணவுப்பண்ட விளம்பரமொன்று சிலருக்கு வலிப்பை விளைவிக்க, அந்நாட்டு ஒளிபரப்பு அதிகாரிகள் அதற்குரிய விதிகளை அப்பொழுதே இயற்றினர். ஜப்பானிலேயே, அதே 1997-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தேசிய ஒளிபரப்பு நிலையமாகிய என்.எச்.கே. காட்டிய மற்றொரு சித்திரத் தொடரைக் கண்டு நான்கு சிறுவர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். அந்த நால்வரின் அழுகுரல் டிசம்பர் மாதம் வரை எவர் செவியிலும் விழவில்லை.

சித்திரக்காரர் பக்கத்தில் இந்தப் பளிச்சீட்டிற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு: 'பாக்கா பாக்கா' என்பர். போரும் வெடிப்பும் வரும் இடங்களில் விறுவிறுப்பு உண்டாக்க இதனை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். படம் விநாடிக்கு 24 சட்டமாக ஓடுவது. ஒன்றைச் சிவப்பாகவும் அடுத்ததை நீலமாகவும் அமைத்துக்கொண்டே போனால், வரைவதும் குறைவு, வேகமும் மிகுதி. அவ்வாறமைத்த கணக்கே விநாடிக்கு 12 என வந்து நின்றது. தீய எண்ணம் எவரிடத்தும் இல்லை. வைத்தியர் அறிந்ததைச் சித்திரக்காரர் அறியார். சித்திரக்காரர் செய்வதை வைத்தியர் பாரார். இருவர்க்கும் நடுவே இருந்தது ஒரு சுவர். அந்தச் சுவரே குற்றவாளி என்பது நம் கட்சி. நம் கலாசாலையிலும் ஸயன்ஸ் மாணவரும் இலக்கிய மாணவரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே ஒருவர் படிப்பை ஒருவர் வினவாதிருப்பதைக் காணும்போதெல்லாம் இச்சம்பவம் நம் நினைவுக்கு வருவதுண்டு.

நிற்க. இந்நிகழ்ச்சியைப் பற்றி வேறொரு கொள்கையும் உண்டு. ராட்போர்டு, பார்தலோமியு என்னும் இருவர் 2001-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையில், நோயுற்றதாகக் கூறப்பட்டவருட் பெரும்பாலோர் ஒளியினாலன்றிப் பயத்தினால் நோயுற்றவரே என்று வாதித்தனர். மறுநாட் பத்திரிகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பேச்சு எழும்பிய பின்னரே கணக்கு ஆயிரக்கணக்கில், 12,000 வரைக்கும், பெருகியது என்பது அவர்தம் சான்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஒருவர் கொட்டாவி விடக் கண்டார் பலர் கொட்டாவி விடுவது போல, அச்சமும் தொற்றுவதே. ஆயினும் முதல் நாள் மாலை வண்டியேறிச் சென்றவருள் மெய்யாகவே வலிப்புக் கண்டவர் உண்டென்பதை அவர்களும் மறுக்கவில்லை. பின்னாளைய அச்சத்தைக் காட்டி முன்னாளைய நோயைப் பொய்யெனத் தள்ளுவது தர்க்கமாகாது. அச்சத்தினால் வந்த தலைசுற்றலாயினும் தலைசுற்றலே யன்றோ?

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1999-ஆம் வருஷம் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடராகிய 'ஸிம்ப்ஸன்ஸ்', ஜப்பானியப் படமொன்றைக் கண்ட குடும்பத்தார் அனைவரும் தரையில் விழுந்து துடிப்பதாகக் காட்டி நகையாடியது. வலிப்பைக் கண்டு நகைப்பது அத்தேசத்து வழக்கம் மாத்திரமன்று. காக்கை வலிப்பென்று பெயரிட்டு, இரும்புச் சாவியைக் கையில் திணித்துவிட்டு எட்ட நின்று வேடிக்கை பார்ப்பது நம்மூர்த் தெருக்களில் இன்றும் ஒழிந்தபாடில்லை. அடிக்கடி வலிப்பு வருவதை ஹிந்து விவாகச் சட்டம் விவாகத்துக்குத் தடையாக வைத்திருந்தது. அந்தச் சொல் நீக்கப்பட்டதே 1999-ஆம் வருஷத்தில்தான். ஆதலின் அந்த 685 பேரையும் நகைச்சுவைக்குப் பொருளாக்குவாரோடு நாம் உடன்படோம்.

இனி, அப்பாகத்தை மறைத்தே வைப்பதுதான் நோயுற்றவர்க்குச் செய்யும் மரியாதை என்பாரும் உளர். இவ்வாதத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. ஓர் ஊரில் விபத்து நேர்ந்த கிணற்றை மூடிவிடுவதுண்டு. ஆனால், இக்கிணறு மூடப்பட்டதா? இல்லை. அக்காலத்திற் பதிவு செய்து வைத்தவர் வழியே அந்தக் காட்சி, சற்றும் திருத்தப்படாமல், அதே வேகத்தில், அதே நிறத்தில், களவாக உலவுகின்றது. விலக்கப்பட்டது என்ற பெயரே அதற்கு விளம்பரம். 'நம்மை அது என்ன செய்யும், பார்த்துவிடுவோம்' என்று தேடி எடுக்கும் பையன்கள் எத்தனை பேர்! தன் மூளை அந்நாலாயிரத்தில் ஒன்றா அன்றா என்பதை எப்பையன் அறிவான்? முதல் வலிப்பு வரும் வரையில் அதை அறிவிக்கும் அடையாளம் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

செம்மையான வழி ஒன்று உண்டு. அத்தொடரின் வேறு பாகங்களிலிருந்த பளிச்சீடுகளைப் பிற தேசங்களிற் காட்டுமுன் மட்டுப்படுத்தினர். அதே கையினால் இந்த ஆறு விநாடியையும் மட்டுப்படுத்துவது பெரிய வேலையன்று. வேகத்தைத் தணித்து, செந்நிறத்தை மங்கவைத்து, இங்கிலாந்து ஆஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹார்டிங் என்னும் பேராசிரியர் பெயரால் வழங்கும் சோதனையில் அதனைத் தேறச் செய்து, நடந்தது இன்னதென்று முன்னுரையும் சேர்த்து வெளியிடலாம். மெய்யான படம் கிடைக்குமாயின் களவுப் படத்தைத் தேடுவார் குறைவர். குற்றமற்ற கதையும் கதாநாயகனும் விடுதலை பெறுவர். வியாபாரிகள் இதற்கு இசையார் என்பதை நாம் அறியாமலில்லை. போரிகோன் என்ற பெயரைக் கேட்டவுடன் ஆம்புலன்ஸ் வண்டி நினைவு வரும் என்பதே அவர்களது அச்சம். மறதியை விலைகொடுத்து வாங்க நினைக்கின்றார்கள், அது கிடைத்தபாடில்லை.

விதிகள் பிற்காலத்தில் விரிந்தன. 2005-இல் உலகத் தந்தி சங்கத்தார் ஒளிபரப்புக்கான பரிந்துரையை வெளியிட்டனர். 2008-இல் இணையத்துப் பக்கங்களுக்கும், விநாடிக்கு மூன்று பளிச்சீடு என்ற எல்லை வகுக்கப்பட்டது. ஆனால், ஒளிபரப்பு நிலையத்துக்கு ஒரு வாயில்தான். அங்கே காவல் வைக்கலாம். இக்காலத்திலோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிலையம் இருக்கின்றது. 2019-ஆம் வருஷம் அமெரிக்காவிலுள்ள வலிப்பு நோயாளர் சங்கத்தின் 'ட்விட்டர்'ப் பக்கத்தைப் பின்பற்றுவோருக்குத் தீயோர் சிலர் வேண்டுமென்றே பளிச்சிடும் படங்களை அனுப்பினர். அத்தகைய செயலை 2023-ஆம் வருஷத்து இங்கிலாந்துச் சட்டம் தனிக்குற்றமாக்கியது. 1997-இல் அறியாமையால் நிகழ்ந்தது, இப்பொழுது அறிந்தே நிகழ்கின்றது.

நம் கலாசாலையைப் பற்றி ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா மேடைக்குக் கூலிக்கு அமர்த்தப்படும் விளக்குகளுள், வெட்டி வெட்டி ஒளிரும் வெள்ளை விளக்கு ஒன்று பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இன்றியமையாததெனக் கொள்ளப்படுகின்றது. அதன் வேகத்தைக் குறைக்கும் திருகு அவ்விளக்கிலேயே இருக்கும். விநாடிக்கு மூன்றுக்கு மேற்படாமல் அதனை வைத்துக்கொள்ளும்படியும், அதனை ஏற்றுமுன் சபையோர்க்கு அறிவிக்கும்படியும் விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒளி கண்ணை உறுத்தி உடம்பு ஒருவாறாகத் தோன்றினால், இரு கண்ணையும் மூடிக்கொள்வதினும், ஒரு கண்ணை உள்ளங்கையாற் பொத்திக்கொண்டு முகத்தை அப்புறந் திருப்புவதே நலம் என்பர் வைத்தியர். அருகில் எவரேனும் வலிப்புற்று விழுந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்ற துணியை வையுங்கள். வாயில் ஒன்றும் திணிக்காதீர்கள். சாவிக் கொத்து உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.